சக்கர நாற்காலி வந்தது, பாதை வரவில்லை



ஓகஸ்ட் விடுமுறையில் நெளுக்குளம் போய்வந்தேன். பெரியம்மாவின் பேத்திக்குச் சடங்கு. வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் பஸ் ஏறி, சந்தியில் இறங்கி, கிரவல் பாதையில் உள்ளே நடக்க வேண்டும். பந்தல் போட்டிருந்த முற்றத்தில் கிணற்றடிப் பக்கமாக ஒரு சக்கர நாற்காலி நின்றது. அதன்மேல் கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பெரியம்மாவின் மூத்த மகன் திண்ணையில் பாய்மேல் இருந்தார். இடுப்புக்குக் கீழே அவருக்கு அசைவு இல்லை. வந்தவர்களை வரவேற்பதற்காகத் திண்ணையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கைகளை ஊன்றி நகர்ந்துகொண்டே இருந்தார்.

"நாற்காலி இருக்குத்தானே அண்ணே, ஏன் பாயில இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அதுல ஏறினா முத்தத்திலயே மாட்டிக்கிட்டு நிப்பேன் தங்கச்சி. பாயில இருந்தா கக்கூஸ் வரைக்குமாவது நானே போயிருவேன்" என்றார்.

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத நினைத்தேன். வன்னியிலுள்ள ஒரு வீட்டுக் கதைக்கு நமது சங்கப் பத்திரிகையில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அந்த வீடு நம்முடைய வீடுதான். 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியா பக்கம் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. 1958இல் போனவர்களும் உண்டு, 1983இல் போனவர்களும் உண்டு. டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் தொடங்கிய காந்தீயம் அந்த மக்களைக் காடு வெட்டிக் குடியேற உதவியதையும், இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டதையும் வயதான தோழர்கள் அறிவார்கள். மலையை விட்டுப் போனவர்கள் நமது சந்தாப் புத்தகத்தை விட்டும் போனார்கள். அதோடு நாமும் அவர்களை விட்டுவிட்டோம்.

அண்ணனுக்கு நேர்ந்தது யுத்தத்தில் அல்ல. ஒரு நெல் ஆலையில் மூட்டை ஏற்றும் வேலை செய்தார். மழை நாளொன்றில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்தன. மேலே நின்றவர் கீழே விழ, அவர்மேல் மூட்டைகள் விழுந்தன. முதுகெலும்பு போய்விட்டது. ஆலைக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஹோர்லிக்ஸ் போத்தலோடு ஒருமுறை வந்தார், பெரியம்மாவின் கையில் கொஞ்சம் காசு கொடுத்தார், பிறகு வரவில்லை. ஊழியர் சேமலாப நிதி இல்லை, நியமனக் கடிதம் இல்லை, சங்கமும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் லொறியில் சக்கர நாற்காலிகள் கொண்டுவந்தது. ஒரு மண்டபத்தில் வைத்துக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அளவு. படம் எடுத்தார்கள், ஜெபம் செய்தார்கள், பனிஸும் தேநீரும் கொடுத்தார்கள். அன்றைக்கு அண்ணன் அழுதாராம். அந்த அழுகை உண்மையானது. அதுவரை அவரைத் தேடி வந்து "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

நாற்காலியின் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. இருக்கை அவருக்கு அகலம் அதிகம், ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்க முடியும். முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் ஆஸ்பத்திரித் தரைக்குச் செய்தது, கிரவலில் புதைந்துவிடும். கக்கூஸ் கதவு நாற்காலியைவிட ஒடுக்கம். மெத்தை வரவில்லை. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றாம் மாதம் பிட்டத்தில் புண் வந்தது. அது ஆறுவதற்கு ஏழு மாதம், அதில் ஆறு கிழமை ஆஸ்பத்திரி. முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் உயிரைப் பல இடங்களில் எடுப்பது அந்த விபத்து அல்ல, இந்தப் புண்தான். பிறகு மாரி வந்தது, முன்சக்கரத்துப் பெயரிங் துருப்பிடித்து இறுகியது. சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்காரர் பெரிய சக்கரத்து டியூபை ஒட்டிக்கொடுத்தார், சின்னச் சக்கரத்துக்கு அவரிடம் சாமான் இல்லை. கொடுத்தவர்களுக்கு அறிவிக்க ஒரு தொலைபேசி இலக்கம்கூட வீட்டில் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு "பார்த்தீர்களா, தர்மம் என்றாலே ஏமாற்று" என்று முடிப்பது எளிது. நம் மேடைகளில் அப்படிப் பேசினால் கைதட்டலும் கிடைக்கும். நான் அப்படி நினைக்கவில்லை.

உலகம் முழுக்கச் சக்கர நாற்காலி கொடுக்கும் கிறிஸ்தவ அமைப்புகளில் பெரிய ஒன்றின் கதை நமக்குப் பக்கத்திலே, சென்னையில் தொடங்கியது. டொன் ஷோன்டோர்ஃபர் என்பவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இயந்திரப் பொறியியலாளர். 1979இல் மொரோக்கோ நாட்டில் ஒரு பெண் தெருவைக் கையால் இழுத்து இழுத்துக் கடப்பதைப் பார்த்தார். அந்தக் காட்சி இருபது வருடம் மனதில் கிடந்தது. பிறகு தன் வீட்டுக் கராஜில் இருந்துகொண்டு, மிக மலிவாக, மிக எளிதாகச் செய்யக்கூடிய நாற்காலி எது என்று யோசித்தார். கடையில் விற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை, இரண்டு சைக்கிள் சக்கரம், ஓர் இரும்புச் சட்டம். நமது கிளைக் கூட்டங்களில் நாம் உட்காரும் அதே வெள்ளைக் கதிரைதான். 2001இல் தன் தேவாலயக் குழுவோடு சில நாற்காலிகளைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன் பிறகு அவருடைய அமைப்பு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நாற்காலிகளைக் கொடுத்துவிட்டது. 'எல்லாருக்கும் ஒரே அளவு சரிவராது' என்று இத்துறையில் இருப்பவர்கள் குறை சொன்னார்கள். பின்னாளில் அளவு மாற்றக்கூடிய வகைகளையும் அந்த அமைப்பு செய்தது. அந்த அமைப்புத்தான் நெளுக்குளத்துக்கு வந்தது என்று யாரும் எண்ண வேண்டாம், நான் சொல்வது வேறு கதை. விமர்சனத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்ட ஓர் அமைப்பு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று ஜோனி எரெக்சன் டாடாவின் அமைப்பு. அவர் 1967இல் பதினேழு வயதில் தண்ணீரில் பாய்ந்தபோது கழுத்து முறிந்து கைகால் இயக்கம் இழந்தவர். 1994இலிருந்து பழைய நாற்காலிகளைச் சேகரித்து, அமெரிக்கச் சிறைகளில் கைதிகளைக் கொண்டு திருத்தி, ஏழை நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். கைதிகளின் உழைப்புக்கு என்ன கூலி என்று கேட்பது தொழிற்சங்கக்காரியின் புத்தி, மன்னிக்க. ஆனால் இந்த முயற்சியைத் தொடங்கியவர் தானே நாற்காலியில் இருப்பவர் என்பது பெரிய வித்தியாசம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வேலூர். டொக்டர் மேரி வர்கீஸ் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அமெரிக்காவுக்குப் போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966இல் வேலூரில் தங்கிச் சிகிச்சை பெறும் புனர்வாழ்வு நிலையம் எழுந்ததற்குக் காரணமானார். இதுவும் கிறிஸ்தவத் தொண்டுதான். லொறி வந்துபோகும் தொண்டு அல்ல, இருந்த இடத்தில் இருந்து, ஒரே நோயாளியை வருடக்கணக்காகப் பார்க்கும் தொண்டு. எழும்பி இருக்க, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, புண் வராமல் காக்க, சமைக்க, தொழில் செய்யப் பழக்கும் தொண்டு. மிஷன் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன. நாம் கேட்க வேண்டியது கொடுப்பவரின் மதம் என்ன என்பதல்ல. அடுத்த மாதமும் வருவார்களா என்பதைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வசதி குறைந்த நாடுகளுக்கென்று சக்கர நாற்காலி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் நாற்காலி கொடுப்பதை எட்டுப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆளைக் கண்டறிந்து அனுப்புவது, உடம்பையும் வீட்டையும் பாதையையும் பார்த்து மதிப்பிடுவது, அதற்கேற்ற நாற்காலியைத் தீர்மானிப்பது என்று தொடங்கி, பொருத்திப் பார்ப்பது, பாவிக்கப் பழக்குவது, கடைசியில் திரும்ப வந்து பார்ப்பதும் திருத்திக்கொடுப்பதும் வரை போகிறது. அண்ணனுக்குக் கிடைத்தது நாற்காலி கைக்கு வரும் அந்த ஒரு படி மட்டும். 2022இல் அதே நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிப் பேருக்கு நாற்காலி, மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி போன்ற ஏதாவதொரு துணைக்கருவி தேவை என்றும், கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை என்றும் சொல்கிறது. தேவை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது லொறிகள் வரத்தான் செய்யும். வரட்டும்.

நெளுக்குளத்தில் இன்னொரு விஷயமும் கவனித்தேன். வன்னியில் கால் இழந்தவர், இடுப்பு இழந்தவர் என்றால் முதல் கேள்வி "சண்டையிலா?" என்பதுதான். காரணம் இருக்கிறது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பார்ம் முகாம்களிலும் நெளுக்குளத்துப் பக்கத்து இடைத்தங்கல் முகாம்களிலும் வந்து சேர்ந்த காயக்காரர்களை அந்த மண் மறக்காது. 2010இல் இந்திய அரசின் உதவியோடு ஜெய்ப்பூர் கால் முகாம் அங்கே நடந்தது, சுமார் 1,400 பேருக்குக் கால் பொருத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இலிருந்தே இயங்குகிறது. கொழும்பில், 1831இல் தொடங்கிய பழைய தர்ம சங்கமான பிரெண்ட் இன் நீட் சங்கம் 1985இலிருந்து ஜெய்ப்பூர் கால் செய்கிறது. ஒரு செயற்கைக் கால் சில வருடங்களில் தேய்ந்துவிடும், வளரும் பிள்ளைக்கு அதற்கு முன்பே சின்னதாகிவிடும். ஆகவே அந்த நிரந்தரப் பட்டறைகளின் பெறுமதி, எத்தனை பெரிய முகாமின் பெறுமதியையும்விடக் கூட.

சண்டையில் இல்லை, வேலையில் என்று சொன்னால் கேட்டவரின் முகம் கொஞ்சம் மாறுகிறது. பாவம், விதி என்கிறார்கள். வேலையில் நடந்த காயத்துக்கு விதி பொறுப்பல்ல, முதலாளி பொறுப்பு. அதற்கு 1934ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது: தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட விபத்தில் தொழிலாளி இறந்தாலோ நிரந்தரமாக உறுப்பின் பயன் இழந்தாலோ முதலாளி நட்டஈடு கட்ட வேண்டும். கொடுக்க மறுத்தால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம். அந்த ஆலைக்காரர் கட்ட வேண்டிய காசில்தான் சரியான நாற்காலியும் மெத்தையும் அகலமான கக்கூஸ் கதவும் இருந்தன. அவர் கட்டவில்லை. அவர் விட்ட பள்ளத்தை, எங்கோ தூரத்து ஊரில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டில் யாரோ ஓர் ஓய்வூதியக்காரர் போட்ட காசு நிரப்பியிருக்கிறது. நல்ல மனிதரின் காசு கெட்ட முதலாளியின் கடனை அடைக்கிறது. தொண்டு நிறுவனங்களோடு எனக்கிருக்கும் ஒரே உண்மையான மனத்தாங்கல் இதுதான். நாற்காலி கொடுக்கும்போது "உனக்கு இது எப்படி நடந்தது, யார் பொறுப்பு" என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டிய ஆட்கள் நாம்தான், நாமோ அங்கே இல்லை.

நாம் இருக்கும் இடத்திலாவது கேட்கிறோமா? மலையில் கொழுந்து எடுக்கும்போது வழுக்கி இடுப்பு உடைந்தவர்கள், மரம் விழுந்து அடிபட்டவர்கள், ட்ராக்டர் பெட்டியிலிருந்து விழுந்தவர்கள், தொழிற்சாலை ரோலரில் கை கொடுத்தவர்கள், சீனி வியாதியில் கால் எடுத்தவர்கள் எந்த டிவிசனில் இல்லை? லயத்துக் காம்பராவிலிருந்து பீலிக்கும் கக்கூஸுக்கும் போக எத்தனை படி இறங்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள், பிறவியிலேயே கால் விறைப்பு. நான்காம் வகுப்பு வரை அவளுடைய அப்பா தோளில் தூக்கிவந்தார். ஐந்தாம் வகுப்பில் பிள்ளை பாரமானாள், அப்பாவுக்கு முதுகுவலி வந்தது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இடைவிலகல் என்று என் கையாலேயே எழுதினேன். அவளுக்கும் ஒரு நாற்காலி வீட்டில் இருந்தது. லயத்திலிருந்து ரோட்டுக்கு 43 படி.

சங்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பொதுச் செயலாளர் கோபிக்கக்கூடாது. பாஸ்டர் நாற்காலி கொடுத்துவிட்டு மதம் மாற்றப் பார்க்கிறார் என்று நம்மவர்கள் பேசுவார்கள். அப்படிச் செய்பவர்களும் இருக்கலாம். ஆனால் அண்ணன் இன்றைக்கும் அம்மன் கோயில் பொங்கலுக்குக் காசு கொடுக்கிறார், நாற்காலி கொடுத்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாம் எப்படி? ஒரு தோட்டத்தில் கைத்தடியும் நாற்காலியும் கொடுக்கப் போனபோது, மாற்றுச் சங்கத்துக்காரரின் வீட்டைத் தாண்டிப் போனோம். சந்தா அட்டை பார்த்துத்தான் கொடுத்தோம். மாலையும் போட்டோம், பெனரும் கட்டினோம், படமும் எடுத்தோம். அந்தப் படத்தில் நானும் நிற்கிறேன்.

பைபிளில் ஒரு கதை உண்டு. பக்கவாதக்காரர் ஒருவரை நான்கு நண்பர்கள் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். கூட்டம் மறித்துக்கொண்டு நிற்கிறது, வாசலால் போக வழியில்லை. கூரையில் ஏறி, அதைப் பிரித்து, கட்டிலைக் கயிறு கட்டி உள்ளே இறக்குகிறார்கள். பிரசங்கங்களில் குணமானவரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். எனக்கு அந்த நான்கு பேரையும் பிடிக்கும். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள், வழி இல்லாத இடத்தில் வழி உண்டாக்கினார்கள், அடுத்தவனுடைய கூரையைக் கேட்காமல் பிரித்தார்கள். அது எங்கள் வேலையைப் போலத் தெரிகிறது.

வழி கேட்பதற்குச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் முதலிய வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அதை யாரும் மதிக்காதபோது, 1992இல் வீதியோர மரம் காரின்மேல் விழுந்து நடக்க முடியாமற் போன கலாநிதி அஜித் சீ. எஸ். பெரேரா தானே உயர் நீதிமன்றம் போனார். 2011இல் அவருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 20ஆம் உறுப்புரை தனிப்பட்ட நடமாட்டத்தைப் பற்றியது. நல்ல கருவி, கட்டக்கூடிய விலை, பாவிக்கப் பயிற்சி என்று அதில் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், ஏறக்குறைய 16 லட்சம் பேர், ஏதாவதொரு இயலாமையோடு வாழ்வதாகப் பதிவானது.

சம்பளப் பிரச்சினையே முடியவில்லை, இதற்குள் சாய்தளமா என்று ஒரு தோழர் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டில் ஒருவர் படுத்தால் அவரைப் பார்க்க இன்னொருவர் வேலைக்குப் போவதை நிறுத்த வேண்டும். நிறுத்துபவர் அநேகமாகப் பெண். பெரியம்மா எழுபது வயதில் மகனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறார். அண்ணி உடுப்புத் தொழிற்சாலை வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது. ஒரு கக்கூஸ் கதவு ஒடுக்கமாக இருப்பதால் ஒரு சம்பளம் முழுதாகப் போய்விட்டது. இதுவும் சம்பளப் பிரச்சினைதான்.

நான் மாவட்டக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்திருப்பது பெரிய திட்டம் ஒன்றுமல்ல. ஒவ்வொரு டிவிசனிலும் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும், எந்தச் சங்கம் என்று பார்க்காமல், நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய், எப்படி நடந்தது, எப்போது நடந்தது, வேலையிலா என்று எழுதிவர வேண்டும். வேலையில் நடந்ததென்றால் நட்டஈட்டு விண்ணப்பம் போக வேண்டும். கம்பனியோடு அடுத்த பேச்சுவார்த்தையில் பீலிக்கும் கக்கூஸுக்கும் ரோட்டுக்கும் படியில்லாத ஒரு பாதை என்பதைக் கோரிக்கையாக வைக்க வேண்டும். புதிதாகக் கட்டும் வீடுகளின் வாசல் அகலத்தை, அத்திவாரம் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும், கட்டி முடிந்த பிறகு கேட்டால் இடிக்கத்தான் முடியும். தேவாலயமோ, கோயிலோ, லயன்ஸ் கழகமோ நாற்காலி தர வந்தால் நன்றி சொல்லி வாங்குவோம். வாங்கும்போது, அளவு எடுப்பீர்களா, மெத்தை உண்டா, பழுதானால் யாரிடம் வருவது என்ற மூன்று கேள்வியையும் கேட்போம். பதில் இல்லாதவர்களிடம் கோபிக்க வேண்டியதில்லை. நாற்காலி திருத்தத் தெரிந்த ஒரு பையனை ஒவ்வொரு டவுனிலும் பழக்குவதற்கு அந்தக் காசில் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்கலாம். நமது சைக்கிள் கடைகளிலும் ஓட்டோ கராஜ்களிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அண்ணனின் விண்ணப்பத்தைச் சடங்கு முடிந்த மறுநாள் திண்ணையில் இருந்தே எழுதினோம். காலம் கடந்துவிட்டது என்று ஆணையாளர் அலுவலகம் சொல்லலாம். ஏன் தாமதமானது என்று ஒரு பக்கம் காரணம் எழுதியிருக்கிறோம். ஆலையில் அன்றைக்குக் கூட வேலை செய்த இருவர் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். மூன்றாமவர் இன்னும் அங்கேயே வேலை செய்வதால் வைக்கவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. மேசன் வேலை தெரிந்த மச்சான் ஒருவர் கக்கூஸ் நிலையை உடைத்து ஆறு அங்குலம் அகட்டித் தருவதாகச் சொன்னார். சீமெந்துக்குச் சடங்கு மொய்யிலிருந்து பெரியம்மா எடுத்துக் கொடுத்தார். முன்சக்கரத்துப் பெயரிங்கின் இலக்கத்தை அண்ணன் ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கிறார், 608. நாலு வேண்டும். ஹட்டனில் கிடைத்தால் பொங்கலுக்குப் போகும்போது கொண்டுபோகிறேன்.